உபயம்: ஐந்து விசை மின்பெட்டி

திரியும் எண்ணெயும் வேண்டாது எரிகின்ற ஒருவனை, கம்பியும் மீட்டரும் இன்றியே அண்டமெல்லாம் ஒளி பரப்பும் ஒருவனை முதற்கண் நெஞ்சில் இருத்திக்கொண்டு, தங்கள் கேள்விக்கு விடை சொல்கிறேன், ஐயா.

இல்லை, இது பிரசாதம் அன்று. விக்கிரகமும் அன்று. பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பதைப் பார்த்துக் கேட்டீர்கள், கேட்டது முறைதான். கால் மட்டும் சற்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவை பிரேக்கர்கள். பழைய மின்பெட்டியில் பொருத்தும் விசைகள். மின்சாரத்தில் ஏதேனும் பிழை வந்தால் தாமே கீழே விழுந்து வீட்டைக் காக்கும் பொருள்கள். இருபத்தொன்று இருக்கின்றன. கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கி வருகிறேன். பேருந்து இப்போதுதான் பல்லடம் தாண்டியிருக்கிறது. தாங்கள் மதுரை வரை வருவதாகச் சொன்னீர்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்லலாம்.

அடியேன் பெயர் ஆவுடையப்பன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர், தாமிரபரணிக் கரையில் மேலச்செழியநல்லூர். அங்கே ஒளிவளர்நாதர் கோயில். சிறிய கோயில்தான். கோயிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் சாம்பல் நிறத் தகரத்தில் ஒரு மின்பெட்டி இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டுக் குடமுழுக்கின்போது அடியேன் செய்த உபயம். அதன் கதவில் 'உபயம்: வெ. ஆவுடையப்பன் குடும்பத்தார்' என்று சிவப்பு எனாமலில் எழுதியிருக்கும். எழுத்து மூன்றங்குல உயரம். புகழ் கருதி எழுதியதன்று. பின்னாளில் தணிக்கைக்கு வருகிறவர் பொருள் யாருடையது என்று தெரியாமல் அலையக்கூடாது அல்லவா? பதிவுத்துறைப் பழக்கம்.

என் மனைவி கோமதி அன்றே கேட்டாள். "வாசல்ல சாமி பேரு ரெண்டங்குலம். உள்ள உங்க பேரு மூணங்குலம். நல்லாத்தான் இருக்கு. வித்தது என் வளையல் ரெண்டு. எம்பேரு எங்க?"

'குடும்பத்தார்' என்பதில் அவளும் அடக்கம் என்று விளக்கினேன். நாற்பது ஆண்டு ஆகப்போகிறது; அவளுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஐந்து பிரேக்கர். ஐந்து என்றதும் தங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அன்றே தோன்றிற்று. ஒவ்வொரு விசையின் மேலும் ஓர் எழுத்தாக நமசிவாய என்று எழுதி வைத்தேன். 'ந' கோபுர விளக்கு. 'ம' மடைப்பள்ளி. 'சி' கருவறை. 'வா' மின்சார மேளம். அதுதான், பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளுமே, அந்தப் பொறி. 'ய' கிணற்று மோட்டார். உலகத்தில் எத்தனையோ கோயில்களில் மின்பெட்டி உண்டு. திருவைந்தெழுத்தின் வழியாக மின்சாரம் பாய்கிற கோயில் எங்களுடையது ஒன்றுதான்.

பெட்டியின் சாவி பழைய காவலாளியிடம் இருந்தது. ஆயுத பூசைக்கு மட்டும் கதவுக்கு வெளியே ஒரு பொட்டு வைப்பார். அவ்வளவுதான் அவர் பக்தி. மூன்றாண்டுக்கு முன் அவர் சிவபதவி அடைந்தார். சாவி அடியேன் கைக்கு வந்தது. கதவைத் திறந்து பார்க்கிறேன், ஐந்தெழுத்தின் மேலும் தூசி! என் நெஞ்சு பதறியது, ஐயா. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் நீராடி, சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒவ்வொரு பிரேக்கருக்கும் மூன்று கீற்றுத் திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று முறையாகச் சாத்தத் தொடங்கினேன். இண்டு இடுக்கெல்லாம் விரல் நுழைத்துப் பூசுவேன். மேலுக்குப் பூசுவது உலகத்தாருக்கு. உள்ளே பூசுவதுதான் இறைவனுக்கு. பூசும்போது சில நாள் விரல் நுனியில் சுரீர் என்று ஒன்று பாய்ந்து தோள் வரை ஏறும். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும். அடியார்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த அந்த அனுபவம் எனக்கு எழுபத்தோராம் வயதில் கிடைத்தது.

கோமதியிடம் சொன்னேன். "இந்த மனுசன் ஒருநாள் பெட்டியிலேயே ஒட்டிக்கிட்டு நிக்கப் போறாரு" என்றாள். இறைவனோடு ஒட்டி நிற்பதைக் காட்டிலும் பேறு வேறென்ன?

இப்படியாக ஆறு வாரம் சென்றது. ஏழாம் வாரம் சோதனை தொடங்கிற்று. சாயரட்சை தீபாராதனை நடக்கும்போது மேளம் பாதியில் நின்றது. போய்ப் பார்த்தால் 'வா' விழுந்து கிடக்கிறது. தூக்கினால் நிற்கவில்லை.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் ஜெபமணி. வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பையன், பையன் என்றாலும் நாற்பத்தைந்து வயதாகிறது. கையில் தொழில் சுத்தம். அவன் வந்து கழற்றிப் பிரித்துப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"அண்ணாச்சி, உள்ள பூரா சந்தனம்லா இருக்கு."

"வாசனை எப்படி?"

"வாசனை நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் செத்துப் போயிருக்கு. இதுக்குள்ள ஈரம் போகக்கூடாது அண்ணாச்சி. இனிமே பூசாதீய."

நான் கோபிக்கவில்லை. சந்தனத்தின் மகிமை அவன் பிறந்து வளர்ந்த வழியில் சொல்லித் தரப்படாதது. "தம்பி, முப்பத்தைந்து ஆண்டாக இது விழவில்லை. சோதனை வந்த காலத்தில்தான் பூசையைக் கூட்ட வேண்டுமே தவிரக் குறைக்கலாகாது" என்று அன்போடு எடுத்துரைத்தேன். வாரம் ஒருமுறை என்பதைப் பிரதோஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினேன். அடுத்த மாதம் 'ய' விழுந்தது. அதற்கடுத்து 'ம'. மடைப்பள்ளி இருண்டு, அர்ச்சகர் பொங்கலில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டுவிட்டார்.

புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அங்கேதான் வினை. அந்தப் பிரேக்கர் செய்த கம்பெனியை மூடி இருபது ஆண்டாகிறது. இப்போது வருபவை ஒல்லியானவை. எங்கள் பெட்டியின் கொக்கி வேறு, அகலம் வேறு. பிடிக்காது. பெட்டியையே மாற்ற வேண்டும் என்று கமிட்டி கூடியது. பொருளாளர் திரவியம் ஒரு புதுப் பெட்டியின் படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே எட்டு விசை.

எட்டு! ஐயா, நினைத்துப் பாருங்கள். ஐந்தெழுத்து இருந்த இடத்தில் எட்டெழுத்தா? எட்டெழுத்து அடுத்த தெருப் பெருமாளுக்கு உரியது. அவரிடம் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அவரவர் பெட்டி அவரவர் கோயிலில் இருக்க வேண்டும்.

"ஐஞ்சை மட்டும் வச்சுக்கிட்டு மூணைச் சும்மா விட்டுறலாம்வே" என்றார் திரவியம்.

"மூன்று ஊமை எழுத்தை இறைவன் சந்நிதியில் மாட்டுவதா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீரு? உம்ம பேரு போயிருமேன்னுதான் இந்தப் பாடா? ஒரு டியூப்லைட்ல எழுதி மாட்டிருவோம்."

டியூப்லைட்டில்! மூன்றங்குல எனாமல் எழுத்தை டியூப்லைட்டில்! எனக்குப் பெயர் ஒரு பொருட்டன்று என்பதைத் தாங்கள் இதற்குள் உணர்ந்திருப்பீர்கள். ஆனாலும் அந்தச் சொல் அம்பாகத் தைத்தது. இறுதியில் தீர்மானம் எழுதினார்கள்: மேற்படி பெட்டி, வரும் மார்கழித் திருவாதிரைத் தீபாராதனையின்போது ஒருமுறை விழுந்தாலும், மறுநாளே கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப்படும். எட்டுப் பேரில் ஏழு கையெழுத்து. எட்டாவது இடத்தில் 'ஆட்சேபணையுடன்' என்று எழுதி அடியேன் ஒப்பமிட்டேன்.

இரும்புக் கடைத் தராசில் என் பெயர் எடை போடப்படுவதாக மூன்று நாள் கனவு கண்டேன்.

பின்பு புறப்பட்டேன். கோயம்புத்தூரில் மூடிப்போன மில்களில் இந்தப் பெட்டிகள் நிறைய இருந்தனவாம். அவையெல்லாம் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கும் என்று ஜெபமணிதான் சொன்னான். சின்னராசு என்பவர் கடை. போய்ப் பார்த்தால் ஒரு மூங்கில் கூடையில், கத்தரிக்காய் போல, எங்கள் பிரேக்கர்! கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏனுங் பெரியவரே, இதுக்கு அழுவுறீங்க? எடுத்துக்குங்க. எடைக்குப் போடறதுதானுங்" என்றார்.

உபயப் பெட்டிக்குப் போகும் பொருளை எடைக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லச் சொன்னேன். அவர் என்னைச் சற்று உற்றுப் பார்த்தார். சொன்னார். மறுமுறை போனபோது விலை இரட்டித்திருந்தது. பொருளின் அருமையை அவரும் உணரத் தொடங்கிவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

கூடையில் எது நல்லது, எது கெட்டது? அவர் ஒரு பல்பைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். "இதுல மாட்டினா, எரிஞ்சா நல்லது. எரியாட்டி கெட்டது. அவ்வளவுதானுங்."

"ஒரு பல்பின் சொல்லை வைத்தா தெய்வ காரியத்தை முடிவு செய்வது?" என்று கேட்டுவிட்டு, முறைப்படி பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே வாழையிலையில் மடித்து, ஒவ்வொரு பிரேக்கருக்கு முன்னும் குலுக்கிப் போட்டு, டீ கொடுக்க வந்த அம்மாளை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் உத்தரவு. பதினோரு பிரேக்கருக்கும் பார்த்து முடிக்கப் பிற்பகல் ஆயிற்று. கடைக்கு வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நான்கிற்கு உத்தரவு கிடைத்தது.

சின்னராசு அந்த நான்கையும் பல்பில் மாட்டிப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை.

"பெரியவரே, சாமி செத்ததாப் பாத்து எடுத்துக் குடுத்திருக்குதுங்."

"இறந்தவரை எழுப்புவது அவனுக்குப் புதிதா?" என்றேன். ஆயினும் உலக வழக்கை ஒட்டி, உத்தரவு கிடைக்காத ஏழில் பல்பு எரிந்த நான்கையும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து ஜெபமணி பொருத்தினான். பொருத்திய கையோடு எண்ணெய்க் காப்பிட்டு, சந்தனம் சாத்தி வரவேற்றேன். நான்காம் நாள் 'வா' மறுபடி விழுந்தது. திரும்பவும் உக்கடம். திரும்பவும் பூக்கட்டு. ஐப்பசியில் இருமுறை, கார்த்திகையில் மூன்று முறை. சின்னராசு கடையில் எனக்கென ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். பூவும் அவரே வாங்கி வைத்துவிடுவார். வந்த பிரேக்கர்களெல்லாம் வாரம் ஒன்றாக விழுந்தன. மார்கழி பிறந்துவிட்டது. திரவியம் என்னைக் காணும்போதெல்லாம், "இரும்புக்காரன் வந்து பெட்டியப் பாத்துட்டுப் போனாம்வே" என்பார்.

திருவாதிரைக்கு ஐந்து நாள் இருக்கையில் ஜெபமணி வீட்டுக்கு வந்தான். நான் உள்ளே பாராயணத்தில் இருந்தேன். அடுக்களையில் கோமதியோடு பேசியது என் காதில் விழுந்தது.

"அக்கா, அண்ணாச்சி பெட்டிக்குள்ள கை விடுதது எனக்குப் பயமா இருக்கு. என்னைக்காவது ஒருநாள் பெருசா அடிச்சிரும்."

"நான் சொன்னா கேக்குற ஆளா? ஏ ஜெபமணி, என்ன செய்வியோ தெரியாது. இவரு உசுரும் இருக்கணும், தகரத்துல அந்தப் பேரும் இருக்கணும். பேரு போச்சுன்னா வீட்டுச் செவுத்துல ஒரு இடம் எழுதாம விடமாட்டாரு."

"திரவியம் அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் சொல்லுதேன். அவனுக்கும் பொண்டாட்டி இருக்கால்லா, புரியும்."

என் பெயரின்மேல் கோமதிக்கு இத்தனை பக்தி என்று அன்றுதான் அறிந்தேன். பாராயணத்தின் நடுவே கண் கலங்கிற்று.

அதன்பின் மூன்று நாள் ஜெபமணி கோயிலில் ஏதேதோ வேலை செய்தான். மடைப்பள்ளியில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியைச் சுவரில் அடித்து, அதற்குள் கம்பிகளை இழுத்துவிட்டான். என்னவென்று கேட்டேன். அர்ச்சகர் அவன் முகத்தைப் பார்த்தார். "எலிக்கு அண்ணாச்சி" என்றான். எலித்தொல்லை எங்கள் மடைப்பள்ளியில் உண்மையே. நல்ல பிள்ளை, கேளாமலே செய்கிறான்.

திருவாதிரையும் வந்தது. ஊரே கூடிவிட்டது. இரும்புக்காரனும் வந்து தூண் ஓரம் நின்றிருந்தான். அன்று அடியேன் ஐந்தெழுத்துக்கும் குறையின்றிச் செய்தேன், ஐயா. எண்ணெய், பன்னீர், பால் ஒரு கரண்டி, சந்தனம் அரைப்படி. ஜெபமணி தடுக்கவே இல்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒரு வியப்பு. வழக்கமாக விரலில் பாயும் அந்தச் சுரீர் இல்லை. இறைவன் சாந்தமாகிவிட்டான் என்று உணர்ந்தேன்.

தீபாராதனை தொடங்கியது. மேளம் முழங்குகிறது. கருவறை ஒளிர்கிறது. கோபுர விளக்கு எரிகிறது. ஒன்றும் விழவில்லை! நன்றி சொல்லப் பெட்டியை நோக்கித் திரும்பினேன்.  ஐந்து விசையும் கீழே இருக்கின்றன. சந்தனம் பூசும்போது என் கை பட்டு ஐந்தும் இறங்கியிருக்கின்றன. நமசிவாய ஐந்தும் அணைந்த நிலை. ஆனால் விளக்கு எரிகிறது! மேளம் அடிக்கிறது!

"மின்சாரம் இல்லாமல் எரிகிறது! ஐயன் தானே எரிகிறான்!" என்று கூவினேன். அவ்வளவுதான் நினைவு. விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது ஊரே பெட்டியின் முன் விழுந்து கிடக்கிறது. ஜெபமணி வாயைத் திறந்தபடி நிற்கிறான். "ஜெபமணி, நீயே சொல், விசை கீழே இருந்தால் விளக்கு எரியுமா?" என்று கேட்டேன்.

அவன் கோமதியைப் பார்த்தான். கோமதி மேலே கோபுரத்தைப் பார்த்தாள். "இந்த விசை கீழ இருந்தா... எரியப்படாது அண்ணாச்சி" என்றான். வேதக்காரன் வாயாலேயே சாட்சி வந்துவிட்டது. திரவியத்துக்கு ஒரே இருமல். அவர் இருமி முடிப்பதற்குள் இரும்புக்காரனே ஓடிவந்து பெட்டியின் முன் சூடம் ஏற்றிவிட்டான்.

மறுவாரமே கமிட்டி கூடிற்று. மேற்படி பெட்டியை எக்காலத்தும் அகற்றுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம். பெட்டிக்கு முன் ஓர் உண்டியல் வைத்தார்கள். திரவியம்தான் முன்மொழிந்தார். இப்போது வெள்ளிக்கிழமை என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மின்வாரியத் தேர்வு எழுதுகிறவர்கள், இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள், புருஷன் கோபத்தைத் தணிக்க வேண்டுகிறவர்கள். வேண்டுதல் நிறைவேறினால் பிரேக்கர் சாத்துகிறார்கள். பழைய பிரேக்கர்தான் சாத்த வேண்டும், புதியது பலிக்காது. வருகிற ஆனித் திருமஞ்சனத்துக்கு நூற்றெட்டுப் பிரேக்கர் கோத்த மாலை. எண்பத்தேழு சேர்ந்துவிட்டது. மடியிலிருக்கும் இருபத்தொன்றோடு நிறைவு பெறுகிறது. சின்னராசு இப்போது பல்பு கட்டிப் பார்ப்பதே இல்லை. "இதுக்கு உசுரு இருந்தா என்னங், போனா என்னங்" என்கிறார். அவருக்கும் ஞானம் வந்துவிட்டது.

எல்லாம் சுகம்தான். ஒரே ஒரு குறை. சொல்லலாமா என்று தெரியவில்லை. தாங்கள் அயலூர்க்காரர், சொல்கிறேன்.

வருகிறவர்கள் பெட்டியைத் திறப்பதில்லை, ஐயா. கதவின் மேலேயே பூசுகிறார்கள். சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். இன்று அது விரற்கடை கனத்துக்கு ஏறிவிட்டது. அடியிலே என் பெயர் இருக்கிறது. மூன்றங்குல எனாமல். ஓர் எழுத்தும் தெரியவில்லை. விடியுமுன் ஈரத்துண்டோடு போய்த் துடைத்துப் பார்த்தேன். பால் கொண்டுவந்த ஓர் அம்மாள், "யாரு அது, சாமி மேல கை வைக்கது!" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். இதில் நான்தான் உபயதாரர் என்று சொன்னேன். "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கோமதியிடம் வந்து முறையிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "இப்பத்தான் சரியா இருக்கு. உங்க பேரும் எம்பேரு கணக்கா ஆயிட்டு" என்றாள். சந்தனத்தின் அடியில் நாங்கள் இருவரும் ஒன்றாகிவிட்டோம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறாள். பெண்களின் பக்தி ஆழமானது.

இதென்ன, தாராபுரம்தானே வந்திருக்கிறது? மதுரை என்றீர்களே, இங்கேயே இறங்குகிறீர்களா? வேறு வண்டியிலா? நல்லது, நல்லது. அவரவர்க்கு விதித்த வண்டி. எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள். பெட்டியின் இடப்பக்கம் நின்று, வெயில் ஏறிச் சந்தனம் காய்ந்து உதிரும் வேளையில் கூர்ந்து பார்த்தால், 'ஆ' என்பதன் சுழி சற்றே தெரியும். அது அடியேன்.

இவ்வளவும் பொறுமையாகக் கேட்ட தங்களுக்கும், தங்கள் மனையாளுக்கும், அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லையாயினும், எல்லா நலமும் பெருகட்டும். தங்கள் இல்லத்து விளக்கு, விசை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், என்றும் அணையாதிருக்கட்டும்.